எதையும் எறியாத வீடு

14 ஜூலை 1968, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. தகரக் கூரைச் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன. இந்தத் தீவுக்கு மெட்ராஸ் கப்பல் எப்போது வரும் என்று அதில் சொல்லப்போவதில்லை.

குப்பைக் குழியை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ராசாத்தி ஏழாம் மாசத்து வயிற்றோடு படியில் நின்று பார்த்துவிட்டு, "ஏங்க, பிள்ளை பெறப்போறது நானா நீங்களா?" என்றாள். என் முனகல் அவ்வளவு சத்தம் போலிருக்கிறது.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமை சொன்னவை, மறக்காமல் இருக்க:

ரத்தம் ரொம்பக் குறைவு.
தினம் ஒரு முட்டையாவது. கீரை. பால்.
போன தடவை மாதிரி ஆகக் கூடாது.

கடைசியைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன தடவை பிள்ளை ஒரு பகல் இருந்தது. பெயர் வைக்கவில்லை.

முட்டைக்கு எங்கே போவது. கடையில் கேட்டால் "கப்பல் வரட்டும்". வெங்காயம் கேட்டாலும் அதுதான். மீன் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் ரா.வுக்கு அந்த வாடை பட்டாலே குடல் வாய்க்கு வருகிறது. சுற்றிலும் கடல், வீட்டில் மீன் ஆகாத வயிறு. பால் என்றால் பவுடர் பால்.

ஆக, நம் வாத்துகள்தான் கதி. பெரார்கஞ்சில் ஒரு வங்காளிக் குடியேற்றக்காரரிடம் வாங்கி, கூடையில் வைத்துப் பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்த நாலு. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தன. இப்போது ஒழுங்காக முட்டை போடுகின்றன.

16 ஜூலை, செவ்வாய்

மழை விட்டு வெயில். மறுபடி மழை.

காலையில் குப்பை வண்டி. தள்ளிக்கொண்டு வரும் பஜ்ரங்கி இங்கேயே பிறந்தவர். தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் காலாபானிக்கு, இந்தத் தீவுச் சிறைக்கு, கைதியாக வந்தவராம். நம் வாசல் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"க்யா பாபு, ஆஜ் பீ காலி?"

இன்றும் காலிதான் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "தும் லோக் குப்பை போடலேன்னா நம்ம நௌக்ரி போகும், பாபு." வேலை போய்விடுமாம். எங்கள் பத்துபஸ்திப் பேட்டை முழுக்க இப்படி ஒரு வீடு கிடையாதாம்.

பெருமையாகத்தான் இருந்தது. உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். நம் வீட்டில் எது எங்கே போகிறது:

அரிசி களைந்த தண்ணீர் – வாத்துக்கு.
வடிகஞ்சி – பாதி உப்புப் போட்டு ரா.வுக்கு, பாதி என் ஆபீஸ் சட்டைக்கு.
காய்த் தோல் – வாத்துக்கு. வாத்து வேண்டாம் என்றால் குழிக்கு. குழி வேண்டாம் என்று சொல்லாது.
குழி மண் – கீரைப் பாத்திக்கு.
சாம்பல் – பாத்திரம், பல், பாத்தி.
தேங்காய் மட்டை – கொசுவுக்குப் புகை. சிரட்டை – அகப்பை, அடுப்பு, முட்டை வைக்க.
டால்டா டின் – குவளை, பூந்தொட்டி, நத்தை டின்.
பழைய சேலை – தொட்டில், பிறகு கரித்துணி, பிறகு திரி.
எட்டாவது பாஸ் பண்ணிய ஆள் – ஸ்டோர் கிளார்க்.

நத்தை முக்கியம். ஜப்பான்காரன் இருந்த காலத்தில் வந்தது என்கிறார்கள், கை அகலம் ஒவ்வொன்றும். குப்பைக் குழி வாசனைக்குத் தானாக வருகிறது. மகள் கோகிலா பள்ளி விட்டு வந்ததும் டின்னில் பொறுக்கி, கல்லால் ஓட்டை உடைத்து வாத்துக்குப் போடுவாள். நத்தை வாத்துக்குள் போகிறது, முட்டையாகி வருகிறது, முட்டை ரா.வுக்குள், ரா.விடமிருந்து பிள்ளைக்கு. ஜப்பான்காரன் நமக்கென்றே செய்த உபகாரம்.

ரா.விடம் படித்துக் காட்டினேன். "சர்க்கார்ல வேலை பாத்தா பென்ஷனாச்சும் உண்டு. நம்ம வீட்ல குப்பைக்குக்கூட ஓய்வு கெடையாது" என்றாள்.

அவள் மடியில் மைதா சாக்கு. வெட்டிப் பிள்ளைச் சட்டை தைக்கிறாள். எத்தனை தடவை வெளுத்தும் ஆலைக்காரன் அச்சடித்த எழுத்து போகவில்லை. பிள்ளை முதுகில் 'நிகர எடை' என்று இருக்கும். அது தேறி வந்தால் போதும், எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

19 ஜூலை, வெள்ளி

பட்டியலில் சேர்க்க மறந்தவை. ஒருதலையாக எழுதினால் நாளைக்கு நானே நம்பிவிடுவேன்.

ஒன்று, நாற்றம். பக்கத்து வீட்டுக் கணேசன் (ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை) வேலிக்கு அப்பாலிருந்து, "அண்ணே, ஒங்க குழியை மூடுறீங்களா, இல்ல நான் என் மூக்கை மூடவா?" என்றான். சிரித்துத்தான் சொன்னான். அவன் பெண்சாதி சிரிக்கவில்லை.

இரண்டு, பூரான். குழி ஓரத்தில் என் சுண்டுவிரல் மொத்தம். ஒன்று ரா.வின் செருப்புக்குள் இருந்தது. உதறிப் போட்டதால் தப்பினாள்.

மூன்று, நத்தை. வாத்துகள் தின்று முடிக்க முடியாத அளவு வருகிறது. நாம்தானே விருந்து வைக்கிறோம். இன்று காலை பார்த்தால் தண்டுக்கீரைப் பாத்தியில் தண்டு இருக்கிறது, கீரை இல்லை. ரா.வுக்காகப் போட்ட பாத்தி.

வாத்தை விட்டால் அதுவும் கீரையைத்தான் தின்கிறது. இந்த வீட்டில் ரா.வைத் தவிர எல்லாரும் கீரை சாப்பிடுகிறார்கள்.

20 ஜூலை, சனி

அரைநாள் ஆபீஸ். வரும் வழியில் நத்தை மருந்து வாங்கினேன். தவிட்டில் கலந்து பாத்தியைச் சுற்றி வைக்க வேண்டும். கொடுத்தவர் இரண்டு தடவை சொன்னார்: "முர்கி பத்தக் தூர் ரக்னா." கோழி வாத்தைத் தள்ளி வை. அந்த அளவு ஹிந்தி எனக்குத் தெரியும். தலையாட்டினேன்.

மத்தியானமே வாத்துகளைப் பட்டியில் அடைத்தேன். கோ.விடம் சொன்னேன், இரண்டு மூன்று நாள் வெளியே விடாதே என்று. சரி என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினாள்: ஹெட்கிளார்க் (எங்கள் ஹெட்கிளார்க் நடையேதான், ஆபீஸில் சொல்ல முடியாது), மகராணி, சின்னப்பொண்ணு. கடைசியாகக் கப்பல். எப்போதும் எல்லாருக்கும் பிறகுதான் வந்து சேரும். அதனால் அந்தப் பெயர்.

சாயங்காலம் மருந்து வைத்தேன். கையைச் சீயக்காய் போட்டு நாலு தடவை கழுவினேன்.

22 ஜூலை, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

காலையில் பாத்தியைச் சுற்றி நத்தைகள் நுரை கக்கிச் செத்துக் கிடந்தன. சந்தோஷப்பட்டேன். குச்சியால் தள்ளி டால்டா டின்னில் நிரப்பினேன். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்திருக்க வேண்டும். புதைக்கவில்லை. ஓட்டைச் சுட்டால் சுண்ணாம்பு ஆகுமே, பாத்திக்குப் போடலாமே என்று தோன்றியது. சாயங்காலம் வந்து சுட்டுக்கொள்ளலாம் என்று டின்னைக் குழி ஓரமாக வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

வாத்தை வெளியே விடாதே என்று சொன்னேனே தவிர, ஏன் என்று கோ.வுக்குச் சொல்லவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை, எதற்குப் பயமுறுத்துவது என்று.

வழக்கமாக நத்தை டின் இருக்கும் இடத்தில் நத்தை டின் இருந்தது. பள்ளி விட்டு வந்தாள், உடைத்தாள், பட்டிக்குள் போட்டாள். சொன்னபடி வாத்தை வெளியே விடவில்லை.

நான் வீடு திரும்பும்போது ஹெட்கிளார்க் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தது. மகராணி படுத்துவிட்டது. மழையில் நின்றே பார்த்தேன். விளக்கு வைப்பதற்குள் மூன்றும் போய்விட்டன.

கப்பல் மட்டும் மூலையில் நிற்கிறது. வழக்கம்போல் கடைசியாக வந்திருக்கிறது. அதற்குள் தீர்ந்துவிட்டது.

கணேசன் வந்து பார்த்தான். "அறுத்துடலாமாண்ணே? வீணாப் போகுதே."

வேண்டாம் என்றேன். இந்த வீட்டில் இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எளிதில் புரளவில்லை. வாழை மரத்தடியில் ஆழமாகப் புதைத்தோம்.

ரா. மெதுவாக, "காலைல நான் முட்டை சாப்பிட்டேனே" என்றாள்.

காலை முட்டைக்கும் சாயங்காலத் தீனிக்கும் சம்பந்தமில்லை என்று தைரியமாகச் சொன்னேன். கோ. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நேத்தும் ரெண்டு நத்தை போட்டேன்ப்பா. வேலி ஓரத்துல கெடந்துச்சு. சின்னதுதான்."

அந்த இரண்டும் மருந்து தின்றவையா இல்லையா, யாருக்குத் தெரியும்.

23 ஜூலை, செவ்வாய்

லீவு. ரா.வை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பஸ்ஸில் முழு வழியும் அவள் வயிற்றின் மேல் கை வைத்தபடி. நான் அவள் கையைப் பார்த்தபடி.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, பிள்ளைத் துடிப்பு இருக்கிறது, ஒரு முட்டையால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன் என்றார். "நினைக்கிறேன்" என்றது ரா.வுக்கும் கேட்டது. மிச்சம் இருக்கும் வாத்தின் முட்டையை இப்போதைக்குத் தொட வேண்டாம். எத்தனை நாளைக்கு என்றேன். தனக்கும் சரியாகத் தெரியாது என்றார். அப்படிச் சொன்னதால் அவர்மேல் மரியாதை கூடியது, பயமும் கூடியது.

ரத்தம் அன்று பார்த்ததைவிடக் குறைவு. இரும்பு மாத்திரை கொடுத்தார். "வேற எங்கேயாவது முட்டை பாருங்க." எங்கே?

கோ. பள்ளிக்குப் போகவில்லை. சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். விரலெல்லாம் சிவந்துவிட்டது.

"நாந்தானப்பா கொன்னேன்?"

"இல்லம்மா. அப்பாதான்."

"நீங்க ஆபீஸ்ல இருந்தீங்களே."

அவள் கையை என் வேட்டியில் துடைத்துவிட்டேன்.

26 ஜூலை, வெள்ளி

மழை. கப்பல் இல்லை. மெட்ராஸில் இன்னும் சரக்கு ஏற்றவேயில்லை என்று ஹேடோவில் பேச்சாம். கணேசன் சொன்னான்.

வாத்து கப்பல் தினம் தவறாமல் முட்டை போடுகிறது. அதற்கு என்ன தெரியும். ரா. ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் சிரட்டையில் வைக்கிறாள். யாரும் தின்பதில்லை, யாரும் எறிவதும் இல்லை. வெள்ளையாக வரிசையாக இருக்கின்றன. சாப்பிட உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகிறது.

நத்தை ஓட்டு டின்னும் இன்னும் இருக்கிறது, குழி ஓரத்தில், மேலே கல் வைத்து. ஏன் எறியவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சுண்ணாம்பு ஆகுமே என்று உள்ளே ஒருவன் இன்னமும் சொல்கிறான். அவனுக்கு வெட்கம் கிடையாது.

கோ. இன்று ஒரு காரியம் செய்தாள். வாழைப்பழத் தோலைக் குழியில் போடாமல், வாசல் வரை நடந்து போய்க் குப்பை டின்னில் போட்டாள். போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், திட்டுவேனா என்று. முன்பு நான் பீடிக்கட்டு நூலை எறிந்தாலே எடுத்துவந்து மேஜையில் வைக்கிற பிள்ளை.

பார்க்காத மாதிரி இருந்தேன்.

30 ஜூலை, செவ்வாய்

ஆபீஸில் யாரோ சிரிக்க வைத்தார்கள். நானும் கதை சொன்னேன், ஹெட்கிளார்க் நடை பற்றி, மனிதரின் முதுகுக்குப் பின்னால். பாதியில் வாத்து ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். எல்லாரும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அலமாரியில் இரண்டு முட்டை குறைவு. எலி என்று நினைத்தேன். எலி முட்டை ஓட்டைப் பொடித்துச் சாம்பலில் கலந்து வைக்காது. ரா.வைப் பார்த்தேன். அவள் சாக்குத் துணியில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"எப்ப?"

"நேத்து ஒண்ணு. இன்னைக்கு ஒண்ணு."

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. ரத்தம் இல்லேன்னும் அவங்கதான் சொன்னாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "தெனமும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். எழுந்தா கண்ணு இருட்டுது. பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்க? எறியலாம்னு எடுத்துட்டு வாசல் வரைக்கும் போனேன். மனசு வரல. இந்த வீட்ல வந்து எறியிற பழக்கமே போயிருச்சே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்பீங்க."

உண்மைதான். கத்தியிருக்கலாம். யார் மேல் கத்துவது. பதினோரு வருஷமாக எதையும் வீணாக்காதே என்று இவளுக்குப் பாடம் நடத்தியது யார்?

என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். "அசையுது பாருங்க." நெடுநேரம் வைத்திருந்தேன். அசைந்தது. அல்லது நான் நடுங்கினேன்.

கப்பலை (வாத்து) இன்று கணேசன் மைத்துனன் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்பினேன். முட்டை தின்ன வேண்டாம், சும்மா வளர்க்கட்டும் என்று. "சும்மா எதுக்குண்ணே வாத்து வளக்கணும்?" என்றான். போன மாதம் என்றால் இதை நானே கேட்டிருப்பேன். மீதி முட்டைகளை அப்புறம் புதைக்கலாம் என்று விட்டுவைத்தேன். மறுபடி அப்புறம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

ரா.வுக்குக் காலில் வீக்கம். வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை. முட்டையால் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. தோன்றுகிறது. டாக்டரம்மா மாதிரியே நானும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

பாத்தியில் கீரை துளிர்த்திருக்கிறது. நல்ல பச்சை, குழி மண் அல்லவா. நத்தை இல்லை. பறிக்கலாமா என்று ரா. கேட்டாள். அதைச் சுற்றித்தானே மருந்து வைத்தோம் என்றேன். இருவரும் நின்று கீரையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தோம். கஞ்சியும் துவையலும்.

5 ஆகஸ்ட், திங்கள்

நேற்றுச் சாயங்காலம் ரா.வுக்கு வலி கண்டுவிட்டது. இன்னும் நாள் இருக்கிறது. எட்டு மாதம்தான். கணேசன் ஓடிப் போய் ஒரு லாரியை நிறுத்தி, முன் சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரி. வழியில் அவள் பேசியது ஒன்றே ஒன்று: "சட்டையை எடுத்துட்டு வரல."

உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். என்னை வெளியே நிறுத்தினார்கள். ரத்தம் தேவைப்படலாம் என்று என் விரலில் குத்திப் பார்த்தார்கள். சேருமாம். நான் பிரயோஜனப்படுவது இது ஒன்றுதான் என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும், நேரமாகும், போய்த் துணி கொண்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். கோ. கணேசன் வீட்டில் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஹேடோ பக்கம் சங்கு ஊதியது. மெட்ராஸ் கப்பல் வந்துவிட்டதாம். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் உண்டாம்.

அதைக் கேட்டதும் என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எறிய ஆரம்பித்தேன். முட்டைகள். குழி ஓரத்து டின், கல்லோடு சேர்த்துச் சாக்கில் கட்டி. மூடியில்லாத டின்கள், ஓட்டைக் குடை, சிரட்டைகள், எதற்கோ வைத்திருந்த சைக்கிள் டியூப். கோ. ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். வாசல் டின் நிரம்பி, பக்கத்தில் குவித்தோம்.

பஜ்ரங்கி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாக்கைக் காட்டி, அதில் விஷம், பிரிக்காமல் புதைத்துவிடு என்றேன். தலையாட்டி, டின்னை ஒரு கையால் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, இரண்டு கையும் போட்டார்.

"ஆஜ் பாரீ ஹை, பாபு."

ஆமாம், கனம்தான் என்றேன்.

"கர் காலி கர்தே ஹோ க்யா? மெயின்லாண்ட் போறியா?"

வீடு காலி பண்ணவில்லை, ஊருக்கும் போகவில்லை என்றேன்.

உள்ளே வந்தால் கோ. கையில் மைதா சாக்குச் சட்டை. கொடியிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"அப்பா, இதுவும் சாக்குத்தானே. எறியணுமா?"

"வேணாம்மா. அது வேணும்."

சொல்லிவிட்டேன். வேண்டியிருக்குமா என்று தெரியாமல்தான் சொன்னேன். வாங்கிப் பார்த்தேன். இன்னும் ஈரம். முதுகில் எழுத்து அப்படியே. மடித்துப் பையில் வைத்தேன். எட்டு மணி பஸ். கோ. குடையோடு வாசலில் நிற்கிறாள், மழை விடவில்லை. கிளம்ப வேண்டும்.